நடு ராத்திரியில் ஆறு நிமிஷம்: பசுமைக்குடில் வெளிச்சமும் கரண்ட் பில்லும்

(எபிசோட் ஒலிப்பதிவிலிருந்து தொகுத்துச் செப்பனிட்ட எழுத்து வடிவம்)

இன்றைக்கு ஒரு கரண்ட் பில்லின் வரலாறு. செடிக்கு விளக்கு போடுகிற செலவைக் குறைக்க மனிதர்கள் 140 வருஷமாக என்னவெல்லாம் செய்து பார்த்தார்கள் என்கிற கதை. கேட்க வறட்சியாகத் தோன்றும். ஆனால் இதில் நீராவி இயந்திரம் இருக்கு, பூக்க மறுத்த புகையிலை இருக்கு, மலையேறும் வேதியியலாளர் இருக்கிறார், பிரிட்டன் சூப்பர் மார்க்கெட்டில் தக்காளிக்கு ரேஷன் வந்த கதையும் இருக்கு. கொஞ்சம் பொறுமையா கேளுங்க.

முதலில் ஒரு விஷயத்தைப் பிரிச்சு வச்சுக்கணும். செடிக்கு வெளிச்சம் இரண்டு வேலை செய்கிறது. ஒன்று சாப்பாடு, அதாவது ஒளிச்சேர்க்கை. இன்னொன்று சேதி. இப்போது என்ன பருவம், ராத்திரி எவ்வளவு நீளம், பூக்கலாமா வேண்டாமா என்று செடிக்குத் தகவல் சொல்வது. சாப்பாட்டுக்கு நிறைய வெளிச்சம் வேண்டும், சேதிக்குத் துளி போதும். இந்த இரண்டும் வேறு வேறு என்று கண்டுபிடிக்கவே கிட்டத்தட்ட 40 வருஷம் ஆனது. பில்லில் விழுந்த பெரிய வெட்டு அங்கிருந்துதான் வந்தது.

1880-க்குப் போவோம். வில்லியம் சீமன்ஸ் ஜெர்மனியில் பிறந்து இங்கிலாந்தில் குடியேறிய பொறியாளர். அந்தப் பெரிய சீமன்ஸ் குடும்பத்துக்காரர்தான். டன்பிரிட்ஜ் வெல்ஸ் ஊருக்குப் பக்கத்தில் அவருக்கு ஒரு பங்களா, அதில் கண்ணாடிக்குடில்கள். எடிசனின் பல்பு அப்போதுதான் பிறந்திருந்தது, கடைக்கு வரவில்லை. இருந்தது வில் விளக்கு மட்டும். இரண்டு கார்பன் குச்சிகளுக்கு நடுவே மின்சாரம் பாய்ந்து கண் கூசும்படி எரியும். 1400 மெழுகுவர்த்தி பலமுள்ள அப்படி ஒரு விளக்கை அவர் செடிகளுக்கு மேலே தொங்கவிட்டார். பகலில் சூரியன், ராத்திரியில் விளக்கு. செடிகள் கருகவில்லை, வேகமாக வளர்ந்தன. ராயல் சொசைட்டியில் அதைப் பற்றிப் பேசினார். செடிக்கு ராத்திரி ஓய்வு என்று ஒன்று தேவையே இல்லை என்பது அவர் எட்டிய முடிவு. அந்த முடிவு எங்கே சறுக்கியது என்பதைப் பின்னால் பார்ப்போம்.

சீமன்ஸிடம் எனக்குப் பிடித்தது அவருடைய செலவுக் கணக்கு. டைனமோவைச் சுற்ற இன்ஜின் வேண்டும், இன்ஜினுக்கு நிலக்கரி வேண்டும். வெறும் வெளிச்சத்துக்காக அதை எரித்தால் கட்டுப்படியாகாது. அதனால் 1881-இல் அவர் அமைத்த நீராவி இன்ஜினிலிருந்து வெளியேறும் ஆவியை வீணாக்காமல், அதைக் கொண்டு தண்ணீரைச் சூடாக்கிக் கண்ணாடிக்குடில் குழாய்களில் ஓடவிட்டார். குளிர்காலத்தில் குடிலை எப்படியும் சூடாக்கித்தான் ஆக வேண்டும். அதே நிலக்கரி, இரண்டு வேலை. பகலில் விளக்கு தேவைப்படாத நேரத்தில் அதே மின்சாரம் பண்ணையில் மரம் அறுத்தது, தண்ணீர் இறைத்தது. இந்த யோசனையை மனசுல வச்சுக்கோங்க, நூறு வருஷம் கழித்து ஹாலந்தில் மறுபடியும் வரும்.

பத்து வருஷம் கழித்து அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் லிபர்ட்டி ஹைட் பெய்லி இதையே கீரை வகைகளில் செய்து பார்த்தார். லெட்யூஸ் சீக்கிரமே விற்பனைக்குத் தயாரானது. ஆனால் பசலைக்கீரை அவசர அவசரமாகத் தண்டு நீட்டி விதைக்குப் போய்விட்டது. அவர் அதைக் குறித்து வைத்தார். கீரைக்கு வெளிச்சம் ஏதோ சேதி சொல்லிவிட்டது என்று அன்றைக்கு யாருக்கும் தோன்றவில்லை.

அது தோன்றியது புகையிலையால்.

முதல் உலகப்போர் நேரம். வாஷிங்டனுக்கு எதிர்க்கரையில் ஆர்லிங்டனில் அமெரிக்க வேளாண் துறைக்கு ஒரு ஆராய்ச்சிப் பண்ணை இருந்தது. கார்னர், அல்லார்ட் என்று இரண்டு பேர் அங்கே வேலை பார்த்தார்கள். அவர்கள் கையில் மேரிலாண்ட் மாமத் என்று ஒரு புகையிலை. ஆள் உயரத்தைத் தாண்டி வளரும், இலை இலையாக விடும், கோடை முழுக்கப் பூக்காது. விவசாயிக்கு அது கொண்டாட்டம். ஆனால் பூ இல்லாமல் விதை ஏது? குளிர்காலத்தில் குடிலுக்குள் வளர்த்தால் சின்னச் செடியாக இருக்கும்போதே பூத்துவிடும். இன்னொரு புதிர் பிலாக்சி என்ற சோயா ரகம். மே மாதம் விதைத்தாலும் ஜூலையில் விதைத்தாலும் எல்லாம் செப்டம்பரில் ஏறக்குறைய ஒன்றாகப் பூக்கும். யாரோ மணி அடித்துக் கூப்பிட்ட மாதிரி.

வெப்பமா, ஈரமா, உரமா என்று ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்தார்கள். கடைசியில் மிச்சம் நின்றது பகலின் நீளம். 1918 ஜூலையில் ஒரு சின்ன இருட்டுக் கொட்டகை கட்டி, சாயங்காலம் ஆகுமுன்பே சில செடிகளை அதற்குள் வைத்தார்கள், காலையில் நேரம் கழித்து வெளியே எடுத்தார்கள். கொட்டும் வெயில் காலத்தில், பொய்யாகச் சுருக்கிய பகலில், அந்தச் செடிகள் பூத்தன. 1920-இல் கட்டுரை வெளியானது. குளிர்காலத்தில் எதிர்த்திசையிலும் செய்து பார்த்தார்கள். சாதாரண குண்டு பல்பைப் போட்டுப் பகலை நீட்டினார்கள். சூரியனோடு ஒப்பிட்டால் அந்த பல்பு வெளிச்சம் ஒன்றுமே இல்லை. இருந்தும் செடி அதைப் பகலாகவே எடுத்துக்கொண்டது. செலவு பற்றிக் கவலைப்படுகிறவர்களுக்கு அந்தக் கட்டுரையில் இதுதான் முக்கியமான வரி என்பேன்.

இதைப் பிடித்துக்கொண்டவர்கள் சாமந்தி வளர்ப்பவர்கள். சாமந்தி, அதாவது செவ்வந்தி, ராத்திரி நீளமானால் மொட்டு வைக்கும். அதனால் கோடையில் கறுப்புத் துணி போட்டு மூடினால் முன்கூட்டியே பூக்க வைக்கலாம். ராத்திரி நீண்ட மாதங்களில் விளக்கு போட்டால் பூக்காமல் தள்ளிப்போடலாம், தண்டு நீளும்வரை காத்திருக்கலாம். சீசன் பூவாக இருந்தது வருஷம் முழுக்கக் கிடைக்கிற பூ ஆனது. ஆனால் பகலை நீட்டுவதென்றால் சாயங்காலத்திலிருந்து மணிக்கணக்கில் பல்பு எரிய வேண்டும். அங்கேதான் பில்.

அடுத்த வெட்டு 1938-இல் சிகாகோவிலிருந்து வந்தது. ஹாம்னர், பானர் என்ற இருவர் ஒரு முள்காய்க் களைச்செடியில் வேலை செய்தார்கள். பகலின் நடுவே செடியைக் கொஞ்ச நேரம் இருட்டில் வைத்தால் ஒன்றும் ஆகவில்லை. நீண்ட ராத்திரியின் நடுவே ஒரு நிமிஷம் வெளிச்சம் காட்டினால் பூக்கவில்லை. அப்படியென்றால் செடி எண்ணுவது பகலை அல்ல, இடைவிடாத இருட்டை. சாயங்காலத்திலிருந்து விளக்கு எரித்துப் பகலை நீட்ட வேண்டியதில்லை, ராத்திரியை நடுவில் இரண்டாக வெட்டினால் போதும். சாமந்திக்கு இரவு 10 மணியிலிருந்து 2 மணிவரை என்ற வழக்கம் அப்படி வந்தது. நான்கு மணி நேரம், சுமார் 100 லக்ஸ் வெளிச்சம்.

ஆனால் செடிக்குள் எதுதான் அந்த வெளிச்சத்தைப் பார்க்கிறது? அதைத் தேடியது மேரிலாண்டில் பெல்ட்ஸ்வில் என்ற இடத்தில், அதே வேளாண் துறையின் இன்னொரு குழு. ஹாரி போர்த்விக் தாவரவியலாளர். ஸ்டெர்லிங் ஹெண்ட்ரிக்ஸ் வேதியியலாளர், தீவிர மலையேறியும்கூட. 1942-இல் அலாஸ்காவின் மெக்கின்லி உச்சியை அடைந்த குழுவில் இருந்தவர். மரியான் பார்க்கர் என்று இன்னொருவர். அவர்கள் ஒரு கார்பன் வில் விளக்கின் வெளிச்சத்தை முப்பட்டகத்தில் பிரித்து, வானவில்லை அறை முழுக்க விரித்து, ஒவ்வொரு நிறத்திலும் செடியை வைத்துப் பார்த்தார்கள். ராத்திரியை வெட்டுவதில் சிவப்புதான் பலசாலி. 660 நானோமீட்டரை ஒட்டிய சிவப்பு.

1952-இல் லெட்யூஸ் விதைகளில் இன்னும் விசித்திரமான ஒன்று தெரிந்தது. சிவப்பு காட்டினால் விதை முளைக்கிறது. உடனே தொலைசிவப்பு, அதாவது 730 நானோமீட்டர் பக்கம், கண்ணுக்குக் கிட்டத்தட்ட தெரியாத ஓரச் சிவப்பு, அதைக் காட்டினால் முளைப்பது நின்றுவிடுகிறது. மறுபடி சிவப்பு, முளைக்கும். மறுபடி தொலைசிவப்பு, நிற்கும். எத்தனை தடவை மாற்றினாலும் கடைசியாகக் காட்டியது எதுவோ அதன்படிதான் நடக்கும். வீட்டு சுவிட்ச் மாதிரியேதான். ஒரே நிறமி இரண்டு வடிவங்களுக்கு இடையே மாறுகிறது என்றார்கள். யாரும் அந்த நிறமியைக் கண்ணால் பார்க்கவில்லை, அதனால் கேலி செய்தவர்கள் உண்டு. 'கற்பனை நிறமி' என்றார்கள். 1959-இல் வாரன் பட்லர் முதலானோர், விளைபொருளின் தரம் பார்க்க உருவாக்கிய ஒரு ஒளி அளக்கும் கருவியில், இருட்டில் வளர்த்த மக்காச்சோள நாற்றை வைத்து அந்த மாற்றத்தை அளந்து காட்டினார்கள். பெயர் ஃபைட்டோகுரோம்.

இப்போது கரண்ட் பில்லுக்கு வருவோம். சிவப்பு பட்டதும் ஃபைட்டோகுரோம் 'பகல்' நிலைக்குத் தாவுகிறது. விளக்கை அணைத்த மறுநொடியே அது திரும்பிவிடுவதில்லை, கொஞ்ச நேரம் அப்படியே நிற்கும். அது இறங்குவதற்குள் இன்னொரு தடவை வெளிச்சம் காட்டினால் போதாதா? இதை சாமந்தியில் முறையாகச் சோதித்து 1961-இல் கட்டுரை எழுதியவர்கள் ஹென்றி மார்க் கேத்தியும் போர்த்விக்கும். விட்டு விட்டு விளக்கு போடும் முறை. வழக்கமாகக் கடைப்பிடிக்கப்பட்ட அட்டவணை, அரை மணி நேரத்துக்கு 6 நிமிஷம் எரி, 24 நிமிஷம் அணை. நான்கு மணி நேரத்தில் மொத்தமே 48 நிமிஷம்.

நம்ம ஊர் தெருக்களில் ராத்திரி வருகிற கூர்க்காவை நினைச்சுக்கோங்க. அவர் உங்கள் வீட்டு வாசலிலேயே விடிய விடிய நிற்பதில்லை. அரை மணிக்கு ஒரு தடவை வந்து விசில் அடித்து, கம்பைத் தட்டிவிட்டுப் போவார். திருடனுக்கு அது போதும். அதோடு, ஒரே கூர்க்கா ஐந்து தெருவைப் பார்த்துக்கொள்ளலாம்.

அந்தக் கடைசி வாக்கியம்தான் கணக்கு. ஒரு உதாரணம் போட்டுப் பார்ப்போம். குடிலில் 100 பல்பு, ஒவ்வொன்றும் 100 வாட். மொத்தம் 10 கிலோவாட். நான்கு மணி நேரம் எரிந்தால் ஒரு ராத்திரிக்கு 40 யூனிட். விட்டு விட்டு எரித்தால் 8 யூனிட். அது முதல் மிச்சம். இப்போது குடிலை ஐந்து பகுதியாகப் பிரியுங்க. முதல் பகுதிக்கு 6 நிமிஷம், பிறகு இரண்டாவது, மூன்றாவது என்று சுற்றினால் 30 நிமிஷத்தில் ஒரு சுற்று முடியும். எந்த நேரத்திலும் எரிவது 2 கிலோவாட் மட்டும். ஆகவே வரும் ஒயர் தடிமன் குறைகிறது, டிரான்ஸ்ஃபார்மர் சின்னதாகிறது. பில்லில் யூனிட்டுக்குத் தனி, உச்சபட்ச லோடுக்குத் தனி என்று வசூலிக்கிற இடங்களில் அந்தக் கட்டணமும் இறங்குகிறது. விளக்கை மாற்றவில்லை, பல்பு அதே குண்டு பல்பு. ஒரு டைமர்தான் கூடுதல்.

இவ்வளவு லாபம் இருந்தும் எல்லாரும் ஏன் உடனே தாவவில்லை? என் கணிப்பில் காரணம் பயம். டைமர் சிக்கி நாலைந்து ராத்திரி விளக்கு எரியாமல் போனால் பயிர் முழுக்கக் குட்டைத் தண்டில் மொட்டு வைத்துவிடும். மின்சாரம் மலிவாக இருக்கும்வரை, மிச்சமாகும் பணத்தை விடப் போகக்கூடிய பயிர் பெரிசு. 1973-இல் எண்ணெய் விலை ஏறிய பிறகு அந்தத் தராசு சாய்ந்தது.

எல்லா விளக்கும் இந்த ஆட்டத்துக்கு ஒத்துவராது என்பதையும் சொல்லணும். குண்டு பல்பு போட்டதும் எரியும். 1960-களில் வந்த உயர் அழுத்த சோடியம் விளக்கு, நம்ம நெடுஞ்சாலைகளில் மஞ்சளாக எரிந்ததே அதுதான், முழு வெளிச்சத்துக்கு வரவே சில நிமிஷம் எடுக்கும். அணைத்துவிட்டால் ஆறும்வரை மறுபடி எரியாது. 6 நிமிஷ விளையாட்டுக்கு அது ஆகாது. ஆனால் இன்னொரு வேலைக்கு அதுதான் ராஜா, சாப்பாடு போடுவதற்கு.

ஹாலந்தில் டிசம்பர் பகல் எட்டு மணி நேரம்கூட இல்லை, அதுவும் மேகமூட்டம். ரோஜாவும் தக்காளியும் அங்கே குளிர்காலத்தில் விளைய சேதி மட்டும் போதாது, சாப்பாடே விளக்கிலிருந்து வர வேண்டும். சேதிக்குத் தேவைப்படுவதைப் போல ஐம்பது மடங்கு, நூறு மடங்கு வெளிச்சம். இங்கே கூர்க்கா தந்திரம் பலிக்காது. செடி வெளிச்சத்தைத் தின்கிறது, அரைப்பட்டினி போட்டால் அரை விளைச்சல்.

டச்சு விவசாயிகள் எடுத்த வழி, சீமன்ஸ் 1881-இல் எடுத்த அதே வழி. குடில் பக்கத்திலேயே எரிவாயு இன்ஜின். அது தரும் மின்சாரம் விளக்குக்கு, வெப்பம் குடிலுக்கு. சீமன்ஸிடம் இல்லாத மூன்றாவது ஒன்றையும் சேர்த்தார்கள். புகையைச் சுத்தம் செய்து அதிலுள்ள கரியமில வாயுவைச் செடிகளுக்கே ஊட்டினார்கள். மிச்ச மின்சாரத்தை விலை ஏறும் நேரம் பார்த்து கிரிடுக்கு விற்றார்கள். அந்த நாட்டு மின்சாரத்தில் கணிசமான பங்கு தக்காளிக் குடில்களிலிருந்து வந்த வருஷங்கள் உண்டு.

அமெரிக்காவில் கார்னெல்லில் லூ ஆல்பிரைட் குழு வேறு திசையில் யோசித்தது. பெய்லியின் அதே பல்கலைக்கழகம்தான். லெட்யூஸுக்கு ஒரு நாளைக்கு மொத்தம் இவ்வளவு வெளிச்சம், அவர்கள் கணக்கில் சதுர மீட்டருக்கு 17 மோல், சேர்ந்தால் போதும், எந்த மணிக்கு வருகிறது என்பது அதற்குப் பெரிசில்லை. காலையில் மேகம் என்று உடனே விளக்கைப் போட்டுவிட்டு, மத்தியானம் வெயில் கொளுத்தினால் காலையில் எரித்தது தண்டம். ஆகவே கம்ப்யூட்டர் மணிக்கு மணி சூரியன் எவ்வளவு தந்தது என்று கூட்டிக்கொண்டே வரும், பற்றாக்குறையை ராத்திரி மலிவு நேரக் கரண்டில் நிரப்பும். அதிகமானால் திரை போட்டு மறைக்கும். 2000-இல் இதை எழுதி வெளியிட்டார்கள். கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு. ஆனால் லெட்யூஸுக்குத்தான். சாமந்திக்கு ராத்திரி மலிவுக் கரண்டில் சாப்பாடு போட்டால் அது சேதியாகவும் போய்ச் சேர்ந்துவிடும், பூவே வராது. செடிக்கு ராத்திரி தேவையில்லை என்ற சீமன்ஸின் முடிவு சறுக்கிய இடம் இதுதான்.

எல்இடி கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், அது உங்களுக்குத் தெரிந்ததுதான். ஆனால் ஆரம்பத்தில் விளம்பரம் உண்மையை முந்தியது. 2014-இல் யூட்டா மாநிலப் பல்கலைக்கழகத்தின் நெல்சனும் பக்பியும் அளந்து பார்த்தபோது, மிகச் சிறந்த எல்இடியும் மிகச் சிறந்த சோடியம் விளக்கும் ஒரு ஜூலுக்குச் சுமார் 1.7 மைக்ரோமோல் என்று சமமாக நின்றன. இன்றைக்கு 3-ஐத் தாண்டிய எல்இடி கிடைக்கிறது. அதிலும் ஒரு கொக்கி இருக்கு. சோடியம் விளக்கு வீணடித்த வெப்பம் குளிர்நாட்டில் முழு வீண் அல்ல, குடிலைச் சூடாக்கியது. எல்இடிக்கு மாறியதும் அந்த வெப்பத்தை வேறெங்காவது வாங்க வேண்டியிருந்தது.

பிறகு 2021 இலையுதிர்காலம். எரிவாயு விலை ஏறியது. 2022 பிப்ரவரியில் உக்ரைன் போர், விலை எங்கேயோ போனது. எரிவாயு இன்ஜினை நம்பிய முழு ஏற்பாடும் ஆட்டம் கண்டது. அந்தக் குளிர்காலத்தில் ஹாலந்திலும் பிரிட்டனிலும் பல குடில்கள் இருட்டாகவே கிடந்தன. சிலர் நடவைத் தள்ளிப்போட்டார்கள், சிலர் நடவே இல்லை. அதே சமயம் ஸ்பெயினிலும் மொராக்கோவிலும் குளிர் தாக்கியது. 2023 பிப்ரவரியில் பிரிட்டனில் டெஸ்கோ, ஆஸ்டா கடைகளில் ஒருவருக்கு மூன்று பாக்கெட் தக்காளிதான் என்று எழுதிப்போட்டார்கள். வானிலை பெரிய காரணம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் விளக்கு எரிந்திருந்தால் தட்டுப்பாடு அவ்வளவு இறுகியிருக்காது.

நம்ம பக்கம் என்ன நிலைமை? ஓசூர் பக்கமும் கர்நாடகத்தில் சிக்கபள்ளாபுரா பக்கமும் சாமந்தித் தோட்டத்துக்கு மேலே ராத்திரி பல்பு எரிவதைப் பார்த்தவர்கள் இருப்பீங்க. ஓசூரில் ஜூன் பகலுக்கும் டிசம்பர் பகலுக்கும் வித்தியாசம் சுமார் ஒன்றரை மணி நேரம்தான். ஹாலந்தில் அது ஒன்பது மணி நேரம். நம்மிடம் வெயிலுக்குப் பஞ்சமில்லை, ஆகவே விளக்கின் வேலை சாப்பாடு அல்ல, சேதி மட்டும். குளிர்நாட்டுக் குடில்களுக்குச் செய்த விலையுயர்ந்த 'குரோ லைட்' சாமந்திக்கு இங்கே தேவையில்லை. சிவப்பு கொஞ்சம் கலந்த சாதாரண எல்இடி பல்பே ராத்திரியை வெட்டிவிடும். பெட்டூனியா மாதிரி நீண்ட பகல் கேட்கும் செடிகளுக்குத்தான் தொலைசிவப்பும் சேர்ந்த பல்பு வேண்டும். ஐரோப்பாவில் 2009 முதல் குண்டு பல்பு ஒழிக்கப்பட்டபோது சிஎஃப்எல்-க்கு மாறியவர்களுக்கு அப்படிச் சில செடிகளில் பூ தாமதமானது அதனால்தான்.

பழைய உதாரணத்தையே எல்இடியில் போட்டுப் பாருங்க. 100 பல்பு, தலா 9 வாட், நான்கு மணி நேரம். 3.6 யூனிட். முழுசாக எரித்தாலே 1961-இன் 8 யூனிட்டில் பாதிக்கும் கீழே. விட்டு விட்டு எரித்தால் முக்கால் யூனிட்கூட ஆகாது. மிச்சமாகும் மூன்று யூனிட்டுக்காக டைமர் சிக்குமோ என்று தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டுமா என்று ஒரு விவசாயி கேட்டால், ஒரு ஏக்கர்காரரிடம் வேண்டாம் என்றுதான் சொல்வேன். ஜெனரேட்டரிலோ சோலார் பேட்டரியிலோ ஓட்டுகிறவர், இருக்கிற மெல்லிய ஒயரிலேயே பத்து ஏக்கரையும் நனைக்க நினைக்கிறவர், அவர்களுக்கு கேத்தி, போர்த்விக்கின் அந்த 6 நிமிஷம் இன்னமும் காசுதான்.